இருபத்தேழாம் இலக்கம்

கண்மட்டம் என்பது
தரையிலிருந்து ஐம்பத்தேழு அங்குலம்.
கொழும்பில் ஒரு பயிலரங்கில் சொல்லித் தந்தார்கள்.
பென்சில் கோடு போட்டு, நூல் பிடித்து
இருபத்தாறு படங்களை மாட்டினேன்.
புளியந்தீவு மண்டபத்துச் சுவர்
வாவிக் காற்றில் வியர்த்தது.
இரட்டைப் பக்க ஒட்டுநாடா
பின்னேரத்துக்குள் நாக்கைத் தொங்கப் போட்டது.
"இந்த ஊருக்கு ஆணிதான்" என்றார்
சட்டம் அடிக்க வந்த செல்டன் பார்த்தலட்,
வாய் நிறைய ஆணியோடு.

இருபத்தேழாவது
படுவான்கரையிலிருந்து பஸ்ஸில் வந்தது.
உரப்பையில் சுற்றி
மடியில் வைத்துக் கொண்டுவந்தவர்
பூரணலெட்சுமி, மகிழடித்தீவு.

கலியாணப் படம்.
பெண், தோழி, வெற்றிலைத் தட்டோடு ஒரு சிறுமி,
ஓரத்தில் பாதியாய் நிற்கும் யாருடையதோ நாய்.
மாப்பிள்ளைக்கு மாலை உண்டு,
இரவல் கோட்டு உண்டு,
கையில் மணிக்கூடு உண்டு.
தலை இருந்த இடத்தில்
சவர அலகால் வெட்டிய சதுரம்.

விளக்கச் சீட்டில் எழுதினேன்:
"திருமணப் படம், 1981. சேதமடைந்தது."
அவர் கண்ணாடி போட்டு வாசித்தார்.
"சேதம் இல்ல புள்ள.
நான்தான் வெட்டின.
மனுவில படம் ஒட்டு எண்டாங்க,
அவர்ர வேற படம் எங்கிட்ட இல்ல."
எந்த மனு என்று நான் கேட்கவில்லை.
எந்த வருடம் என்றும்.
சீட்டைக் கிழித்தேன்.

ஓட்டைக்குப் பின்னால் என்ன வைப்பது?
வெள்ளை மட்டை வைத்தால்
முகம் சுண்ணாம்பாகிவிடுகிறது.
கறுப்பு வைத்தால் அறிவித்தல் பலகை.
செல்டன் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டுப்
பின்பலகையிலும் அதே அளவுக்கு ஒரு சதுரம் அறுத்தார்.
இப்போது அந்த இடத்தில்
மண்டபத்துச் சுவர் தெரிகிறது,
பழைய நீலப் பூச்சும் ஒரு வெடிப்பும்.

மாலை ஐந்துக்குப் பேச்சு.
நாற்பது கதிரை, முப்பத்தொரு பேர்,
பிளேன்டீ, கடலை வடை.
பேச வந்த பெண் திரையில் பழைய படமொன்றைக் காட்டினார்:
தொப்பிக்காரத் துரையின் கமராவுக்கு முன்னால்
பெயரில்லாத நம் ஆள் ஒருவர்.
"அசைந்தால் கண்ணாடித் தகட்டில் கலங்கிவிடும்.
ஆகவே பின்னாலிருந்து ஓர் இரும்புக் கவை
கழுத்தைப் பிடித்துக்கொள்ளும்.
படத்தில் அது தெரியாது."

ஓய்வுபெற்ற லிகிதர் உதுமாலெவ்வை எழும்பிக் கேட்டார்,
வெள்ளி உப்பென்றால்
அந்தக் காலம் பவுண் என்ன விலை என்று.
எல்லோரும் சிரித்தோம்.
மின்சாரம் போனது.

இருட்டில்,
பின்வரிசையிலிருந்து பூரணலெட்சுமியின் குரல்:
"எங்கட படத்திலயும் ஒண்டு தெரியாது.
அவர் என்ன விடக் கட்டை.
ஏறாவூர் ஸ்டூடியோக்காரன் பாத்துப்போட்டு
செங்கல்லொண்டு எடுத்து வெச்சான்.
அதுக்கு மேலதான் நிக்கிறார்.
நான்தான் சாறித் தலப்பால மறைச்சிக்கிட்டு நிண்ட."

யாரும் வெளிச்சம் வரும்வரை காத்திருக்கவில்லை.
கைபேசி விளக்குகள் ஒவ்வொன்றாய்
இருபத்தேழின் முன்னால் குனிந்தன.
முகமில்லாத இடத்தை விட்டு
எல்லோரும் காலடியைத் தேடினார்கள்.
சேலை மடிப்புக்குக் கீழே
ஒரு மூலை, மிகச் சிறியது,
செங்கல்லாகவும் இருக்கலாம்,
படத்தில் விழுந்த கறையாகவும் இருக்கலாம்.
பேச வந்த பெண் முழங்காலில் இருந்து பார்த்தார்.
"கல்தான்" என்றார்.

சனம் கலைந்தபின் அவர் என்னிடம் வந்தார்.
"புள்ள, கொஞ்சம் இறக்கிவிடுறியா?"
"எவ்வளவு, அம்மா?"
பெருவிரலும் சுட்டுவிரலும் விரித்துக் காட்டினார்.
படுக்க வைத்த கல்லின் உயரம்.
மூன்றங்குலம்.
செல்டன் ஆணியைப் பிடுங்கிக் கீழே அறைந்தார்.
ஐம்பத்துநாலு.

நூல் போட்டதுபோல் இருபத்தாறு,
ஒன்று மட்டும் தாழ.
மாணவர்கள் வந்தார்கள், இரண்டு பிக்குமார் வந்தார்கள்,
காத்தான்குடியிலிருந்து ஒரு வான் நிறையப் பெண்கள் வந்தார்கள்.
மட்டக்கோல் வைத்துப் பார்த்த ஆசிரியர் ஒருவர்
தலையை ஆட்டிக்கொண்டு போனார்.
மூன்றாம் நாள் வருகைப் புத்தகத்தில்
பச்சை மையில் யாரோ ஓர் அலுவலர்:
"இல. 27 இறங்கியுள்ளது. கவனிக்கவும்."

"கவனித்தோம்" என்று கீழே எழுதி
ஒப்பம் இட்டேன்.