முப்பத்தெட்டாம் பக்கம்

லிங்கன் நகரில் பனி இன்னும் விடவில்லை.
கண்ணாடிக்கு அப்பால் லோரீன் ஹ்ருஷ்கா,
பள்ளிப் பேருந்து ஓட்டும் கையுறையைக் கழற்றாமல்
ஒரு புகைப்படத்தை நீட்டுகிறாள்:
அவள் சமையலறைச் சுவர், அதில் வெப்பமானி,
முப்பத்தொன்பது ஃபாரன்ஹீட்.

வாங்க முடியாது என்கிறேன்.
கீழ்க் கோர்ட்டில் காட்டாததை
மேலே யாரும் பார்க்க மாட்டார்கள்.
இங்கே சாட்சிக்கூண்டு இல்லை, ஜூரி இல்லை;
அன்று பேசியதன் எழுத்துப்படி மட்டும்
மூன்று நீதிபதிகளின் மேசைக்குப் போகும்.

"வேறு ஏதாவது உண்டா?" என்று அன்று கேட்டார்கள்.
"இல்லை" என்றிருக்கிறாள்.
அறுபத்துமூன்றாம் பக்கம்.

வக்கீல் வைக்க வழியில்லாமல் வருகிறவர்களுக்கு
நான் சொல்லலாம்: ஓரம் எத்தனை அங்குலம்,
எத்தனை பிரதி, எந்தத் தேதிக்குள்,
கட்டணம் கட்ட முடியாவிட்டால் எந்தப் படிவம்.
ஜெயிப்பீர்களா என்று சொல்லக் கூடாது.
முப்பத்தெட்டாம் பக்கத்தில்
வீட்டுக்காரரே வாய்தவறி
"ஹீட்டரை மார்ச்சில்தான் மாற்றினேன்" என்றதையும்
சொல்லக் கூடாது.
பக்க எண்களைச் சரிபார்க்கையில் கண்ணில் பட்டது.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"முழுதும் படியுங்கள்" என்றேன்.
எல்லோரிடமும் சொல்வதுதான்.
கொஞ்சம் மெதுவாகச் சொல்லிவிட்டேனோ?

மூன்று வாரம் கழித்து வந்தாள்.
கையால் எழுதிய பதினொரு தாள்,
ஒன்றில் காப்பிக் கறை.
எதையும் தேடாதவன் போலப் புரட்டினேன்.

நாலாம் தாளில்
ஒரு மூன்று, ஒரு எட்டு.
பேனா தாளைக் கிழிக்குமளவு
அடிக்கோடு.

தேதி முத்திரை குத்தினேன்.
ரசீது கொடுத்தேன்.
அடுத்தவர், என்றேன்.
குரல் சரியாக வரவில்லை.