கன்னப்பை

புக்கிட் தீமா காட்டு விளிம்பில்
எங்கள் கொண்டோவின் பின்வேலி.
காலை ஏழே கால் வாக்கில் அவை வரும்.
வரிசை என்று சொல்ல முடியாது,
ஆனாலும் யார் எங்கே உட்காரலாம் என்பதில்
ஒருநாளும் குழப்பம் கண்டதில்லை நான்.

குப்பை அறைக் கூரையின் கிழக்கு முனை,
முதல் வெயில் விழும் இடம்,
வெள்ளைப்புருவக்காரிக்கு.
பெரிய ஆண் ஒன்றும் உண்டு,
கோரைப்பல்லும் கிளை குலுக்கலுமாய்.
வந்து இரண்டு வருடமிருக்கும். போய்விடும்,
மாற்றலாகி வருகிற மேலாளர்கள் மாதிரி.
வீடு பெண்களுடையது.

பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில்
இந்தக் கணக்கையும் எழுதி வைக்கிறேன்.
யாரும் கேட்டதில்லை.
யார் வந்தால் யார் எழுகிறாள்,
யார் பேன் பார்க்கிறாள்,
யார் முதுகைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுகிறாள்.
விரல்கள் பெரும்பாலும் கீழிருந்து மேலே போகின்றன.

பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று
ஏழாம் மாடிப் பிள்ளைகள் படம் எடுக்கிறார்கள்.
சிரிப்பில்லை அது.
'நான் கீழே, அடிக்காதே.'
எனக்கும் தெரியும் அந்த மொழி.
திருவாட்டி க்வேக் காரை நிறுத்திக்
கண்ணாடியை இறக்கும்போதெல்லாம் பேசுகிறேன்.

வெள்ளைப்புருவக்காரிக்கு மூன்று மகள்கள்.
பால்குடி மறக்காத கடைக்குட்டி
ஒருநாள் நேராக நடந்துபோய்
மூத்தவள் கையிலிருந்த ரம்புத்தானை எடுத்துக்கொண்டது.
மூத்தவள் அம்மாவைப் பார்த்தாள்.
அம்மா மூத்தவளைப் பார்த்தாள், ஒரே ஒருமுறை.
முடிந்தது.
பின்னால் பிறந்தவள் மேலே:
எந்த ஊர்ச் சட்டமோ.

கடைசியில் வருவாள் கிழிந்த காதுக்காரி.
கிடைத்ததை மெல்லமாட்டாள்.
இரண்டு கன்னமும் புடைக்க அடைத்துக்கொண்டு
வேலி தாண்டி, மரத்துக்குப் பின்னால் போய்,
புறங்கையால் கன்னத்தை அழுத்தி
ஒவ்வொன்றாய் வெளியே தள்ளித் தின்பாள்.
ஜொகூரிலிருந்து நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்புகிற எனக்கு
மேசைக்குக் கீழே ஒரு டிபன் டப்பா இருக்கிறது.
மேற்பார்வையாளர் எப்போது வருவார் என்று தெரியாது.
நானும் மென்று தின்கிற ஆளில்லை.

விரட்டச் சொல்லி ஒரு மஞ்சள் குடை கொடுத்தார்கள்.
விரித்து, மூடி, தரையில் தட்டிப் பார்த்தேன்.
என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது பெரிய ஆண்.
மூன்றாம் மாடியில் வேலை செய்யும் சுலாஸ்திரியிடம்
பையைக் கையோடு பிடுங்கிப் போகின்றன.
க்வேக் அம்மாள் வெறுங்கையோடு வந்தாலோ
கூரைக்கு ஏறிவிடுகின்றன.
யார் சொன்னது இவற்றுக்கு?
நடைபாதையில் யாருக்கு யார் ஒதுங்குகிறார்கள் என்று
மேலேயிருந்து அவையும்
எங்களைக் கணக்கெழுதியிருக்க வேண்டும்.

அக்டோபரில் ஒரு மழைநாள்,
ரைஃபிள் ரேஞ்ச் சாலையில்
வெள்ளைப்புருவக்காரி லாரியில் அடிபட்டாள்.
மறுநாள் வந்தன. கூரை முனையில் வெயில் விழுந்தது.
யாரும் போகவில்லை.
அதற்கடுத்த நாளும் வெயில் மட்டும் உட்கார்ந்திருந்தது.
கடைக்குட்டி மூத்தவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது,
இன்னும் சரியாக வரவில்லை அதற்கு.

மூன்றாம் நாள்
கூட்டம் வருமுன்பே, தனியாக,
கிழிந்த காதுக்காரி.
ஏறினாள். முனையில் உட்கார்ந்தாள்.
கையில் பாதி வாழைப்பழம்.
கன்னத்துக்குப் போகவில்லை அது.
கடித்து, மென்று, விழுங்கி, மறுபடி கடித்து.
ஐந்து நிமிடமிருக்கும்.
குடை என் கையிலேயே இருந்தது.

வாசலில் ஹார்ன் கேட்டது.
தடுப்புக் கம்பியைத் தூக்க வேண்டும்.
இரண்டாம் முறையும் கேட்டது.
தோலில் ஒட்டியிருந்ததை அவள்
நக்கிக்கொண்டிருந்தாள்.