விரல் 1

முதலாம் குறுக்குத் தெருவில்
குடைக்கும் மழைக்கும் நடுவே
இரண்டடி மேசை போட்டிருக்கிறான் ஹில்மி.
கொடியில் போன் கவர்கள் தொங்குகின்றன,
உப்பில்லாத கருவாடு மாதிரி.

"எந்தக் கை அக்கா?"

மற்றக் கடைகளில்
எந்த மொடல் என்றுதான் கேட்டார்கள்.
இவன் பார்த்துவிட்டான்.
பார்த்துவிட்டு,
பார்க்காதவன் போல முகத்தைத் திருப்பவில்லை.
மூன்று மாதத்தில் இவன் ஒருவன்தான்.

இடது, என்றேன்.

போனின் முதுகில் ஒரு வளையம் ஒட்டி
மோதிர விரலை விடச் சொன்னான்.
விட்டேன். விழவில்லை.
முப்பத்துநாலு வயதில் எனக்கேறிய முதல் மோதிரம்
முந்நூற்றைம்பது ரூபாய்.
பேரம் பேசி முந்நூறு.

எழுத்துப் பலகையை இடப்பக்கம் ஒதுக்கினான்.
ஜன்னல் சீட்டுக்கு அடிபடும் சனம்போல
உயிரும் மெய்யும் ஒரு கரையில் நெருங்கி நின்றன.
'ழ' மட்டும் எட்டவில்லை.
"வாழைப்பழம் வேணுமெண்டா எழுதாதீங்க,
கோல் எடுத்துச் சொல்லுங்க."

பிறகு ஆப்கள்.
நடந்த தூரத்தை எண்ணுவது வேண்டாம்,
அதைக் கால் சொல்லும்.
பேசப் பேச எழுதுவது ஒன்று போட்டான்.
வீடு எங்கே என்று அதற்குச் சொன்னேன்:
முகத்துவாரம்.
அது எழுதியது:
முகம் தூரம்.
அழிக்கவில்லை.

கமராவைக் காட்டினால்
சிங்களத்தைத் தமிழாக்குவது இன்னொன்று.
பையிலிருந்த கம்பனிக் கடிதத்தை
மேசையில் விரித்தேன்.
வட்ட வட்ட எழுத்துகள்
வெந்நீரில் விழுந்ததுபோல் துடித்து
ஒவ்வொன்றாய்த் தமிழாகிப் படுத்தன:

அன்புள்ள பெர்னதெத்,
உங்கள் இரண்டு விரல்களின் விலகலை
நிர்வாகம் கவலையுடன் ஏற்றுக்கொள்கிறது.
கீழே வலது பெருவிரல் அடையாளம் இடவும்.

ஹில்மி சிரித்தான்.
சட்டென்று நிறுத்தினான்.
நான் நிறுத்தவில்லை.
பக்கத்துக் கடையில் பெல்ட் விற்கிறவர்
எட்டிப் பார்க்கும்வரை சிரித்தேன்.

மட்டை வெட்டும் மெஷினுக்கும்
ஒரு செட்டிங் இருந்தது.
கை உள்ளே நின்றால் கத்தி இறங்காது.
அப்போது பச்சை லைட் எரியும்.
ஆயிரம் பெட்டிக்கு அரைமணி பிந்துகிறதென்று
யாரோ அதை ஓஃப் செய்திருந்தார்கள்.
தங்கள் வசதிக்கேற்ப
அவர்களும் மாற்றிக்கொண்டார்கள்,
அவ்வளவுதான்.

கடைசியாய்ப் பூட்டு.
இடது சுட்டுவிரலை
வைத்து எடுத்து, வைத்து எடுத்து
ஒன்பது தடவை.
'விரல் 2' என்று ஏற்றுக்கொண்டது.
அதற்கு மேலே
'விரல் 1'.

"இதை அழிக்கவா? சும்மாதானே கிடக்குது."

உள்ளே இருக்கிறது
என் வலது பெருவிரல்.
சுழி குலையாமல்,
மருந்துத் துணி வாடை படாமல்,
காலையில் கடைசியாகத் தொட்ட அதே அழுத்தத்தில்.
கம்பனித் தாளுக்கு வேண்டியதும் இதுதான்.
வெளியே எடுக்கத்தான்
இந்தத் தெருவில் வயர் இல்லை.

கிடக்கட்டும், என்றேன்.

கண்ணாடி ஒட்டும்போது
ஒரு காற்றுக்குமிழ் அகப்பட்டுக்கொண்டது.
இரண்டு நாளில் போய்விடுமாம்.
எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு.
குமிழுக்காக நூறு குறைத்தான்.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம்.
கம்பியை முழங்கையால் வளைத்துப் பிடித்து
வளையத்தில் விரல் மாட்டி
டிலுக்ஷிக்கு எழுதினேன்.
என் மெஷினில் இப்போது அவள்தான்.
பேசி எழுத விடவில்லை,
இதில் ஓர் எழுத்தும் பிசகக்கூடாது.

'நாளைக்குக் கை வைக்க முந்தி
பச்சை லைட் எரியுதா பார்.
எரியாட்டி வைக்காதே.
ஆர் சொன்னாலும்.'

புறக்கோட்டையில் தொடங்கியது
கொச்சிக்கடை தாண்டித்தான் முடிந்தது.
அனுப்பினேன்.

இரண்டு சரி அடையாளம்,
சாம்பல் நிறத்தில்.
நீலமாகட்டும் என்று பார்த்துக்கொண்டே
இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.