தொண்டை கட்டிய திங்கட்கிழமை

குத்தாய்சியில் பனி கொட்டுகிறது.
நெஸ்தான் டீச்சருக்குக் குரல் எழும்பவில்லை.
கரும்பலகையில் ஒரே வரி எழுதினாள்:
'எனக்கு என்னவென்று ஆங்கிலத்திலேயே கேளுங்கள்.'

இரண்டு வருடமாக
இது பேனா, அது ஜன்னல் என்று
கண்ணெதிரே கிடப்பதையே சொல்லிவந்த வகுப்பு
திருதிருவென விழித்தது.

லாஷாதான் தொடங்கினான்: பல்வலியா?
இல்லை.
ஐஸ்கிரீமா? காதலா?
வீட்டுக்காரரோடு சண்டையா?
சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது அவளுக்கு.

கடைசி பெஞ்சு பாத்ரி,
ஆஜர் சொல்ல மட்டும் வாய் திறப்பவன்,
எழுந்தான்:
"நேற்று வலிக்கிறதா?"

காலம் பிழை.
சிவப்புப் பேனா மேஜையிலேயே கிடந்தது.
புத்தகத்தின் விடைப்பக்கத்தில் இல்லாத கேள்வி.
கழுத்துச் சால்வையைத் தளர்த்தி
ஆமாம் என்று தலையசைத்தாள்.

பாத்ரி இன்னும் உட்காரவில்லை.
இன்னொன்று கேட்க வேண்டுமாம்,
சொல் தேடுகிறான்.
மணி அடித்தும்
யாரும் பையை எடுக்கவில்லை.