உண்மை நகல்

கெடிலம் பாலத்துக்குக் கீழே
நெய்வேலிக் காட்டாமணக்கு
யாரும் நடாமலே ஒரு தெரு நீளத்துக்கு நிற்கிறது.
ஆடும் வாய் வைக்காத தழை.
அதைச் சல்லடையாய்த் துளைத்துக்கொண்டு
குடியிருக்கிறது ஆமைவண்டு.
சட்டைப் பொத்தான் அளவு,
ஓரம் கண்ணாடி, நடுவே தங்கம்.

திருப்பிப் போட்ட ஐம்பது எம்எம் லென்ஸ்,
ஃபிளாஷுக்கு மேல் இட்லித் துணி,
முட்டி வரை சேறு.
கூர்மையாய் விழுவது ஒரு நூல் தடிமன்.
என் மூச்சு அதைவிடத் தடிமன்.
ஏழரைக்குக் காற்று எழுந்துவிடும்,
பொன் ஒரு கோடாய் இழுபடும்.

"பத்து நிமிஷம் ஃபிரிட்ஜில் வை,
பொம்மை மாதிரி உட்காரும்" என்றார்
விவரம் தெரிந்த ஒருவர், போன சித்திரையில்.
வைத்தேன்.
தயிருக்கும் நேற்றைய மாவுக்கும் நடுவில்
ஒரு மாத்திரை டப்பா.
மூடியில் இரண்டு துளை போட்டேன்,
என்ன கரிசனமோ.
பத்து நிமிஷம்தான்.
அப்போது அக்காவின் போன் வந்தது.
அக்கா பேசினால் நிறுத்த மாட்டாள்.

எடுத்தபோது
ஆறு காலையும் மடக்கிச்
சொன்னபடி கேட்டது.
பொன் மட்டும் இல்லை.
தேய்ந்த செருப்புத் தோலின் நிறம்.
அது சாயமல்ல,
ஓட்டுக்கடியில் ஈரம் இருக்கும்வரை
இருக்கிற வெளிச்சம் என்று
பிறகுதான் படித்தேன்.
என்னிடம் இருப்பதிலேயே தெளிவான படம் அதுதான்.
கொம்பின் கணுக்களைக்கூட எண்ணலாம்.

பகலில் மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
நகல் பிரிவில் உட்கார்கிறேன்.
'உண்மை நகல்', 'உண்மை நகல்' என்று
ஊதா மையில் குத்துகிற கை இது.

இன்று பாலத்தடியில்
தூண்டில் போட்டிருந்த தேசிங்கு
"என்னம்மா, பாம்பா?" என்று வந்தார்.
காட்டினேன்.
கண்ணைச் சுருக்கினார்.
"அட, மூக்குத்தி."
பிறகு, நான் கேட்காமலே
தோளில் கிடந்த சிவப்புத் துண்டை இரு கையால் விரித்துக்
காற்று வரும் பக்கம் மறைத்து நின்றார்.
தக்கை அமிழ்ந்தது. இருவரும் பார்த்தோம்.
"போவுது, நீ எடு."

நாற்பத்தொரு படம்.
முப்பத்தொன்பது மங்கல்.
ஒன்றில் வெறும் இலை.
ஒன்றில் வண்டின் பின்பாதி:
பொன் ஓட்டில் வளைந்து கிடக்கிறது பாலம்,
பக்கத்தில் துண்டின் சிவப்பு ஒரு கீற்று.
முன்பாதி
சட்டத்துக்கு வெளியே
இன்னும் தின்றுகொண்டிருக்கிறது.