முப்பத்தொரு கையெழுத்து

செவ்வாய்க்கிழமைக்கு ஒரு சத்தம் இருந்தது.
முத்தையன்கட்டு றோட்டால் வரும் மோட்டச்சைக்கிள்
எங்கள் ஒழுங்கை முடக்கில்
கியர் குறைக்கிற சத்தம்.

கேட்டதும் அடுப்பில் தண்ணீர் தெளிப்பேன்,
புகை காட்டிக் கொடுத்துவிடும்.
பின்வேலிப் பொட்டுக்குள்ளால் பூந்து
பாலை மரத்தடியில் போய்க் குந்துவேன்.
"அம்மா கடைக்குப் போட்டா."
என் சின்னவள் ஏழு வயதில்
தடக்காமல் சொல்லப் பழகிய பொய்.

தண்ணீர் இறைக்கிற மோட்டருக்கு எடுத்தது
அறுபதினாயிரம்.
கிழமைக்கு ஆயிரத்து எண்ணூற்றைம்பது,
ஐம்பத்திரண்டு கிழமை.
ஆவணியில் கிணறு அடிதட்ட
மோட்டர் கொஞ்சநாள் சேற்றைக் குடித்தது,
பிறகு அதுவும் குடிக்கவில்லை.
கச்சான் பூத்தது.
பூவைக் கொண்டுபோய் எந்தக் கொம்பனியில் கட்டுவது?

ஐந்து பேர் சேர்ந்தால்தான் காசு.
ஆளுக்காள் பிணை என்று வாசித்தான் நிரோஜன்.
பிணை என்றால் என்ன தம்பி, பரிபூரணம் கேட்டாள்.
"கை கோத்துக்கொண்டு நிக்கிற மாதிரி அக்கா."
நாங்கள் சிரித்தோம்.
அன்றைக்கு அவன் தந்த பிஸ்கட்டும் நல்லாயிருந்தது.

கூட்டுறவுச் சங்கத்துத் தவநாயகிதான்
ஒருநாள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.
"ஒளிச்சால் நீதான் மறைவாய், வட்டி மறையாது.
இணக்கசபைக்கு எழுதிக் குடு.
புதுசாய் ஒரு லோன் எடுத்துப் பழசைக் கட்டுற வேலை
இனிச் செய்யாதை."
கடிதத்தை அவளே சொல்லச் சொல்ல எழுதினேன்.
மூன்று இடத்தில் பேனை ஓட்டை போட்டது.

சனிக்கிழமை. ஒட்டுசுட்டான் பள்ளிக்கூடம்.
ஏழாம் வகுப்பு வாங்கில் முழங்கால் இடிபட இருந்தோம்
நானும் கொம்பனி ஆளும்.
கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட
பின்னக் கணக்கு.
நடுவில் இருந்தவர் முந்திப் போஸ்ட்மாஸ்டராம்.
என் கொப்பியை வாங்கியதும்
முத்திரைக்கு நிறுப்பதுபோல் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்.
பிறகு விரல் வைத்து எண்ணினார்
ஒவ்வொரு கையெழுத்தாய்.

"முப்பத்தொரு கிழமை.
ஐம்பத்தேழாயிரத்து முன்னூற்றைம்பது கட்டியிருக்கிறா பிள்ளை.
எடுத்த காசில் மிச்சம் ரெண்டாயிரத்துச் சொச்சம்.
மற்றதெல்லாம் உங்கட வட்டி."
கொம்பனி ஆள் போனோடு வெளியில் போனான்,
வந்தான், திரும்பப் போனான்.
பின்னேரமாகையில்
மாதம் ஆயிரம், பதினாலு மாதம்,
இனி வீட்டுக்கு ஆள் வராது
என்று எழுதிக் கையெழுத்து வைத்தோம்.

"முப்பத்தொரு கிழமை விடாமல் கட்டின பிள்ளை,"
போஸ்ட்மாஸ்டர் மற்றவர்களுக்குச் சொன்னார்.
நான் வாய் திறக்கவில்லை.
அதில் மூன்று
நான் பாலை மரத்தடியில் இருந்த செவ்வாய்கள்.
என் பெயருக்கு நேரே
பரிபூரணம் தன் தோட்டை அடகு வைத்துக்
கட்டிய கிழமைகள்.

ஐயாயிரத்து ஐந்நூற்றைம்பது.
எந்தக் கொப்பியிலும் இல்லை.
அவள் கேட்டதுமில்லை.
சந்தையில் கண்டால்
வெண்டிக்காய் விலைதான் கதைப்பாள்,
சீலைத் தலைப்பைக் காதோரம் இழுத்துவிட்டுக்கொண்டு.
தோட்டு ஓட்டையில் வேப்பங்குச்சி.

இந்தச் செவ்வாய் ஒழுங்கையில் சத்தம் இல்லை.
ஆனாலும் ஒன்பது மணிக்கு
என் கை தண்ணீர்ச் செம்பைத் தூக்கிவிட்டது.
திரும்ப வைத்தேன். அடுப்பு எரிந்தது.
சின்னவள் வாசலில் நின்று கேட்டாள்:
"இண்டைக்கு ஆர் வந்தால் என்ன சொல்ல?"

ஒருத்தரும் வரமாட்டினம்.
நான்தான் போகவேணும்,
குளக்கட்டால் நடந்தால் அரை மணித்தியாலம்.
ஐந்நூறு ரூபாயை நாலாய் மடித்துச் சட்டைக்குள் வைத்தேன்.
போய் என்ன சொல்லித் தொடங்குவது
என்றுதான் தெரியவில்லை.
வெண்டிக்காய் விலையில் தொடங்கலாம்.