வாங்கிச் செல்லாத சட்டை

ஆலங்கட்டி கொட்டிய மறுநாள்
கூரைகளை எண்ணுவது என் தொழில்.
சதுர அடிக்கு எத்தனை பள்ளம் என்று
சாக்பீஸால் வட்டமிட்டபடி
நெப்ராஸ்காவின் பல ஊர்களை
நான் மேலிருந்துதான் அறிவேன்.

ட்ரூபெட்ஸ் என்ற ஊரில் ஒன்பதாவது கூரை
அருங்காட்சியகம்.
முன்பு தீயணைப்பு வண்டி நின்ற கொட்டகை.
சனிக்கிழமை இரண்டிலிருந்து நாலு வரை என்றது பலகை.
நான் போனது செவ்வாய்.
பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற வெர்னா க்ரடோக்வில்
சாவியோடு வந்து
"கூரைக்கு ஒன்றும் வேண்டாம்.
உள்ளே வந்தால் இரண்டு டாலர்" என்றார்.

ஒழுகும் இடமெல்லாம் வாளி.
அதில் ஒன்று காட்சிப்பொருள்,
எண் ஒட்டிய ராணுவ வாளி.
அதுவும் வேலையில் இருந்தது.

மக்காச்சோளம் நின்ற நிலத்தில்
ஏழே மாதத்தில் முகாம் முளைத்ததாம்.
தொள்ளாயிரம் பேர் இருந்த ஊருக்குப்
பதினெட்டாயிரம் பேர் வந்து இறங்கினார்களாம்.
துப்பாக்கி போதாமல்
உள்ளூர்த் தச்சர்கள் மரத்தில் செய்து தந்தது
சுவரில் மூன்று.
ஒன்றின் அடிக்கட்டையில் பல் பதிந்த தடம்.
"அச்சத்தில் ஒரு சிப்பாய் கடித்தது" என்கிறது அட்டை.
"நாய்" என்கிறார் வெர்னா.

வானிலிருந்து குண்டுக்குப் பதில்
மாவுப் பொட்டலம் போட்டிருக்கிறார்கள்.
மேலே வெள்ளை பட்டவன் செத்தவன்.
அப்படிச் செத்த நாலு பேர்
தோளில் கைபோட்டுக்கொண்டு
புகைப்படத்தில் சிரிக்கிறார்கள்.
இரவுச் சாப்பாட்டுக்குப் போகும் வழியாம்.
பெயர் எழுத இடம் விட்டிருக்கிறார்கள் கீழே.

கடைசி மூலையில், மரத் தாங்கியில்,
கஞ்சி போட்டுத் தேய்த்த காக்கிச் சட்டை.
கழுத்துப் பட்டையின் உள்புறம்
மையில் டி 4418.
பக்கத்தில் அல்பீனா ஹ்ரூஸ்கா என்ற சலவைக்காரியின் நோட்டு:
புதன் வாங்கியது. வெள்ளி தரவேண்டும்.
பதினோரு சென்ட்.
வியாழன் இரவு
விளக்கில்லாத ரயில் அந்தப் படையை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.
வெள்ளிக்கு நேரே ஒன்றுமில்லை,
பென்சில் முனை குத்தி நின்ற புள்ளி தவிர.

"வருஷா வருஷம் மே மாதம் துவைக்கிறேன்" என்றார் வெர்னா.
"லிங்கனிலிருந்து வந்த நிபுணர் திட்டினார்.
துவைக்கவே கூடாதாம், நூல் நைந்துவிடுமாம்.
துவைக்கத்தானே கொடுத்துவிட்டுப் போனான்?"

அதன் இடது தோளில்
நேற்றைய மழை இறக்கிய துருக்கோடு
விரல் நீளத்துக்கு.

என் படிவத்தை விரித்தேன்.
கூரை: நூற்றுப் பன்னிரண்டு பள்ளம்.
உட்கூரைப் பலகை: நாலு.
சட்டை?
"கூரை எங்களுடையது.
சட்டை எங்களுடையது இல்லையே" என்றார்.

அதற்கும் ஒரு கட்டம் உண்டு எங்கள் தாளில்.
பிறர் உடைமை, நம் பொறுப்பில்.
பட்டறையில் விட்ட டிராக்டருக்கு எழுதுவோம்,
வைத்தியரிடம் விட்ட பசுவுக்கு ஒருமுறை எழுதினேன்.
உடைமையாளர்: டி 4418.
மதிப்பு என்ற இடத்தில் பேனா நின்றது.
"அவன் எங்களுக்குத் தரவேண்டியது பதினோரு சென்ட்.
நாங்கள் அவனுக்குத் தரவேண்டியதை
அவனைக் கேட்டு எழுதுங்கள்."
கேலியாகச் சொன்ன மாதிரி இல்லை.
வாளி நிறைந்திருந்தது. ஊற்றப் போய்விட்டார்.

நேற்று அலுவலகத்திலிருந்து தாள் திரும்பி வந்தது,
இரண்டு இடத்தில் சிவப்பு வட்டத்துடன்.
மதிப்பு இல்லை. முகவரி இல்லை.
நான் கூரையில் போடுகிற வட்டம் போலவே இருந்தது,
அடி விழுந்த இடம் இது என்று.

இன்னும் திருப்பி அனுப்பவில்லை.
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.